சிகிரியாவுக்குப் போகுமுன்: பெற்றாருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றாருக்கு,

வருகிற சனிக்கிழமை தரம் 9 பிள்ளைகளை, பெரும்பாறையின் உச்சியில் பழைய அரண்மனை இருந்த சிகிரியாவுக்குக் கூட்டிப் போகிறோம். அதிகாலை நாலரைக்குப் பாடசாலை வாசலில் பஸ் நிற்கும். அனுமதிப் படிவத்தில் ஒப்பமிட்டு வியாழனுக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

முன்பு ஒருமுறை போனபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறி மூச்சு வாங்க உச்சிக்கு வந்த ஒரு பையன், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அரண்மனை எங்கே சேர்?" என்று கேட்டான். அவன் நின்றதே அரண்மனைக்குள்தான்! மரத்தால் கட்டியவை எப்போதோ மறைந்துவிட்டன. மிஞ்சியிருப்பது செங்கல் அடித்தளங்களும் படிகளும் பாறையில் வெட்டிய குளமும்தான். நுழைவாயில் சிங்கத்துக்கும் தலை இல்லை, பாதங்கள் மட்டுமே. அந்த மேடுபள்ளத்தை வைத்து எது மண்டபம், எது வழி என்று பிள்ளைகளே வரைந்து பார்க்கட்டும். அதுதான் அன்றைய பாடம்.

கதையை மட்டும் வீட்டில் சொல்லிவையுங்கள். தந்தை தாதுசேனனைக் கொன்று 477இல் அரசேறிய காசியப்பன், அநுராதபுரத்தை விட்டு வந்து இங்கே தலைநகர் அமைத்தான். தென்னிந்தியாவுக்குத் தப்பிய சகோதரன் முகலன் 495இல் படையோடு திரும்பி வந்தான். இவ்வளவு உயரத்தில் வீடு கட்டியவனுக்கு என்ன பயம் இருந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், கண்ணாடிச் சுவர். மினுமினுப்பாகத் தீட்டிய அந்தச் சுவரில், பல நூற்றாண்டுகளாக வந்து போனவர்கள் பாறையில் தீட்டிய ஓவியப் பெண்களைப் பார்த்து மயங்கிக் கவிதை கிறுக்கியிருக்கிறார்கள். அவற்றில் 685 பாட்டுகளைப் படித்தறிந்து 1956இல் பதிப்பித்தார் பேராசிரியர் செனரத் பரணவிதான. ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "அவர்கள் எழுதலாம், நாங்கள் எழுதக் கூடாதா?" நியாயமான கேள்வி. ஆனால் இன்று அங்கே ஒரு எழுத்தைக் கீறினாலும் வழக்குத்தான், சிறைக்குப் போனவர்களும் உண்டு. பழைய கீறலின் மேல் புதுக் கீறல் விழுந்தால் பழையது போயே போய்விடும் என்பதை வீட்டிலேயே விளக்கிவிடுங்கள். நாங்கள் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் ஏறும்.

பாறையில் குளவிக் கூடுகள் உண்டு, சத்தம் போட்டால் கலையும். ஆகவே விசில், பாட்டுப்பெட்டி எதுவும் வேண்டாம். சப்பாத்து, தொப்பி, தண்ணீர்ப் போத்தல், மதியச் சாப்பாடு போதும். வரைவதற்குப் பென்சில் நாங்கள் தருவோம். கொம்பாஸ் பெட்டி பஸ்ஸிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
அதிபர்