பார்த்தீனியக் களையை அகற்றக் கைகொடுத்த பீடோங் மக்களுக்கு நன்றி மடல்

பீடோங் வட்டாரத் தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும், கால்நடை வளர்ப்போருக்கும், தோட்ட நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான பழைய லயங்கள் இருந்த மேட்டிலும், அதையொட்டிய மேய்ச்சல் நிலத்திலும், செம்பனைக் காட்டுக்குப் போகும் சாலையின் இருபுறமும் மண்டிக் கிடந்த பார்த்தீனியம் இப்போது ஆங்காங்கே தலைகாட்டும் நிலைக்குக் குறைந்திருக்கிறது. களை ஒழிப்புக் குழுவின் களப்பணிகளை ஒருங்கிணைப்பவன் என்ற முறையில், இதற்குக் காரணமானவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்வது என் கடமை.

இது ஒரு நாள் கூடித் துப்புரவு செய்தால் தீர்ந்துவிடும் வேலை அன்று. முளைத்த நான்கு வாரங்களிலேயே பூக்கத் தொடங்கிவிடும் செடி இது. நன்கு செழித்த ஒரே செடி 15,000 விதைகளுக்கு மேல் உதிர்க்கக்கூடும். மண்ணுக்குள் புதைந்த விதைகளோ பல ஆண்டுகள் முளைக்கும் திறனோடு காத்திருக்கும். ஆகவே, பூக்கும் முன் அதே இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பிடுங்கினால்தான் முதல் சுற்றில் பட்ட பாட்டுக்குப் பலன் உண்டு. முதல் நாள் பெருங்கூட்டமாக வந்து உற்சாகப்படுத்திய அனைவருக்கும் நன்றி. அந்தக் கூட்டம் கலைந்த பிறகும், பார்க்க யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கையுறையும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது.

அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர், தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களை மேற்பார்ப்பவராக) இருந்து ஓய்வுபெற்ற எங்கள் பெரியம்மா. நாங்கள் வரைபடத்தை வைத்துக்கொண்டு இடத்தைப் பிரிக்க முயன்றபோது, அவர் எல்லோரையும் ரப்பர்ப் பால்வெட்டுக் காலத்து வழக்கப்படி நிரை நிரையாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு நிரை, விட்ட செடிக்கு அவரவரே பொறுப்பு என்று வகுத்துக் கொடுத்தார். தழையைப் பற்றி இழுத்தால் தண்டு ஒடிந்து அடிக்கழுத்து மண்ணிலேயே தங்கிவிடும், அதிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். இதைச் சொல்லி விளக்குவதோடு நில்லாமல், மழை விட்ட ஈர மண்ணில் குந்தி, வேரோரம் இரண்டு விரலை நுழைத்து நெகிழ்த்தி, ஆணிவேர் நுனிவரை அறுபடாமல் வெளியே வரும்படி எடுத்துக் காட்டினார். புதிதாக வந்த இளைஞர்கள் அந்த வேரைப் பார்த்தே வேலை கற்றார்கள். அவரோடு வந்த பெண்களில் பலர், பராகுவாட் என்ற களைக்கொல்லி மருந்து 2020-இல் மலேசியாவில் தடை செய்யப்படுவதற்கு முன், மருந்து பம்பை முதுகில் சுமந்து தோட்டத்தில் உழைத்தவர்கள். பள்ளிக்கூட வேலிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் அருகில் மருந்தே வேண்டாம், கையாலேயே எடுத்துவிடலாம் என்று அவர்கள் வற்புறுத்தியதை ஏற்றுக்கொண்டோம். அது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன்.

மாடு வளர்ப்போர் செய்த உதவியை எத்தனை முறை சொன்னாலும் தகும். இந்தச் செடியைத் தின்ற மாட்டின் பால் கசக்கும், குளம்பில் ஒட்டும் சேற்றோடும் சாணத்தோடும் விதை வேறிடம் போகும் என்பதைக் கேட்டறிந்ததும், அவர்கள் மாடுகளை அந்த நிலத்தில் விடாமல் கட்டிப்போட்டு, வேறிடத்திலிருந்து புல் அறுத்து வந்து தீனி போட்டார்கள். பூச்செடிக்காரர்களுக்கு மூட்டை மூட்டையாக விற்றுவந்த சாணத்தையும் நிறுத்திக்கொண்டார்கள். கறந்து விற்றுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அதனால் நேர்ந்த வருமான இழப்பு சிறிதன்று; அதற்காக ஒருவரும் எங்களிடம் ஈடு கேட்கவில்லை.

சாலையோரப் புல் வெட்டும் குத்தகையாளருக்கும் தனியே நன்றி. விதை முற்றிய செடியின் மேல் புல்வெட்டும் இயந்திரம் ஓடினால் விதை சாலை நெடுகத் தெறிக்கும். இயந்திரத்தில் ஒட்டிய மண் அடுத்த ஊர்வரை அதைக் கொண்டுபோகும். எங்கள் குழு பிடுங்கி முடித்த பகுதிகளில் மட்டுமே வெட்டுவது, வெட்டிய இடத்திலேயே இயந்திரத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டுக் கிளம்புவது என்ற இரண்டையும் அவருடைய ஆட்கள் கடைசிவரை கடைப்பிடித்தார்கள். வெயிலில் நாள் முழுதும் நின்று களைத்தவர்களுக்கு அந்தக் கழுவும் வேலை எவ்வளவு கூடுதல் சுமை என்பதை அருகிலிருந்து கண்டவன் நான்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களைச் செடியைத் தொடவிடாமலே அடையாளம் காணக் கற்பித்தார்கள். இளஞ்செடி பார்ப்பதற்கு நாம் உணவோடு சேர்த்துண்ணும் கீரையான உலாம் ராஜாவை ஒத்திருப்பதால் இது மிகவும் தேவையான பாடம். பூ விட்டால் ஐயமில்லை: பார்த்தீனியத்தின் பூ பொடிப்பொடியாக வெள்ளையாக இருக்கும், உலாம் ராஜாவின் பூ பெரிதாக இளஞ்சிவப்பில் மலரும். பூக்கும் முன்னரே பிரித்தறிய வேண்டும் என்பதால் இலையிலும் தண்டிலும் உள்ள மெல்லிய மயிர்களைப் படத்தில் பெரிதாக்கிக் காட்டினார்கள். வீட்டு வாசலில் முளைத்திருந்ததைப் பெற்றோருக்குச் சுட்டிக்காட்டியவர்கள் அந்தப் பிள்ளைகளே.

மலேசியாவில் 2013-இல் சிலாங்கூரில் இக்களை கண்டறியப்பட்டது முதல் இதனோடு போராடிவரும் விவசாயத் துறையின் அலுவலர்கள் நேரில் வந்து வழிகாட்டினார்கள். தோல் அரிப்பு கண்டவர்களை உடனே வேலையிலிருந்து விலக்கிச் சிகிச்சை அளித்த கிளினிக் தாதியருக்கும், பிடுங்கிய செடிகளை இரட்டைப் பைகளில் கட்டி மூடிய லாரியில் ஏற்றிச் சென்ற ஓட்டுநருக்கும், தேநீரும் சிற்றுண்டியும் கொடுத்த மாரியம்மன் கோயில் மகளிருக்கும் எங்கள் நன்றி உரியது.

மழை பிடித்ததும் அடுத்த முளைப்பு வரும். தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய லயத்து மேட்டிலிருந்தே மீண்டும் நிரை பிடிக்கிறோம். வேறெங்கேனும் இச்செடியைக் காண்போர் அதை வெட்டாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு மாவட்ட விவசாய அலுவலகத்துக்கோ எங்கள் குழுவுக்கோ தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
களப்பணி ஒருங்கிணைப்பாளர்,
களை ஒழிப்புக் குழு, பீடோங், கெடா