நான் போட்ட ஆறு மணி நேரக் கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஜனவரியில் நீ லண்டனிலிருந்து நியூயார்க் கிளம்பிய அன்று, நானும் தூங்கவில்லை, அம்மாவையும் தூங்கவிடவில்லை. எல்லாம் என் கணக்கால் வந்த வினை. தூரம் சுமார் 5,550 கிலோமீட்டர், விமானத்தின் வேகம் மணிக்கு 900. வகுத்தால் ஆறு மணி பத்து நிமிடம். ஏழு மணி நேரமாகியும் போன் வரவில்லை என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எட்டரை மணி கழித்து நீ சாவகாசமாக, "இப்பதாம்பா கதவைத் திறந்தாங்க" என்றாய்.

அதற்கப்புறம் உட்கார்ந்து கொஞ்சம் படித்தேன்.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. நின்ற இடத்தை விட்டு விமானம் நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை எல்லாம் சேர்த்திதான். ஓடுபாதைக்கு வரிசையில் ஊர்வதும், இறங்க முறை வராமல் வட்டமடிப்பதும் அதற்குள் அடக்கம்.

ஆனால் பெரிய வில்லன் காற்று. நீங்கள் பறக்கிற அந்த பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு மாதிரி ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். துருவத்துக்கும் வெப்பப் பகுதிக்கும் வெப்ப வித்தியாசம் குளிர்காலத்தில் கூடுவதால், அப்போதுதான் அதன் வேகமும் கூடும். நீ சரியாக ஜனவரியில் அதை எதிர்த்துப் போயிருக்கிறாய்! அதனால்தான் போக எட்டு மணி, திரும்ப ஏழு. 2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 747 ஐந்து மணி நேரத்துக்குள் லண்டனில் இறங்கிவிட்டதாம். எஞ்சினை யாரும் கூடுதலாக முடுக்கவில்லை. காற்று தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது.

வழியும் நான் நினைத்த மாதிரி இல்லை. சுவர் வரைபடத்தில் அடிக்கோல் வைத்தால் முழுக்கக் கடல். நீ பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த உலக உருண்டையைப் பரணிலிருந்து எடுத்து, தையல் நூலை இரண்டு ஊருக்கும் நடுவில் இழுத்துப் பிடித்தேன். நூல் தானாக வடக்கே ஏறி, நியூஃபவுண்ட்லாந்து தீவின் மேல் போய் உட்கார்ந்தது. அதுதான் குறுக்குவழி. கையை எடுத்தால் நழுவிவிடும் என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா என் நூல்கண்டு?" என்றாள்.

இன்னொரு கூத்து. காலை பத்து மணிக்குக் கிளம்பி மதியம் ஒரு மணிக்கு இறங்குவதாக உன் டிக்கெட்டில் பார்த்து, மூன்று மணி நேரம்தானே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். நடுவில் ஐந்து மணி நேரக் கடிகார வித்தியாசம் இருப்பது பிறகுதான் உறைத்தது. திரும்பும்போது மாலை ஏழுக்கு ஏறினால் காலை ஏழுக்கு இறங்குவாய். கடிகாரம் பன்னிரண்டு மணி நேரம் காட்டும். உனக்குத் தூங்கக் கிடைப்பது ஐந்து மணி நேரம்கூட இருக்காது. அன்றைக்கே வேலைக்கு ஓடாதே.

அடுத்த மாதம் போகும்போது ஜன்னலோரம், வலது பக்கம் கேள். வடக்கு அந்தப் பக்கம்தான். எட்டரை மணி நேரம் வரை நான் போனைப் பார்க்க மாட்டேன். ஒன்பதைத் தாண்டினால் மட்டும் ஒரு வரி அனுப்பிவிடு.

அப்பா