முத்திரைக்கு எடை ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

இணையச் சூதாட்டத் தளங்களின் அடியில் தெரியும் 'உரிமம் பெற்றது' முத்திரை எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. கரீபியன் தீவான குராசாவில் பல ஆண்டுகளாக நான்கே மூல உரிமங்கள் இருந்தன. அவற்றை வைத்திருந்தவர்கள் நூற்றுக்கணக்கான தளங்களுக்குத் துணை உரிமம் கொடுத்தார்கள். செலவு குறைவு, கேள்வியும் குறைவு. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் இந்த உள்வாடகையை ஒழித்தது.

ஐரோப்பியத் தீவு நாடான மால்டாவில் இணையக் கேசினோ நடத்தப் பங்கு மூலதனமே குறைந்தது 1 லட்சம் யூரோ. ஆனாலும் தளம் நடத்துவோர் அங்கே போகிறார்கள், வங்கிகளும் பணப்பரிமாற்ற நிறுவனங்களும் அந்த முத்திரையை நம்புவதே காரணம். ஆனால் பிரிட்டன் ஆட்டக்காரரைச் சேர்க்க மால்டா உரிமம் போதாது: 2014 முதல் பிரிட்டன் உரிமமே வேண்டும், சர்வர் எங்கிருந்தாலும்.

முத்திரையில் உள்ள எண்ணை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவேட்டில் தேடி, தளத்தின் முகவரியும் அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போலிகள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டுகின்றன.

– வாசகர்