சாந்திக்கு ஒரு கடிதம்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மகளுக்கு வவுனியாவுக்கு மாற்றம் கிடைத்துவிட்டதால் பேத்தி இப்போது என்னோடுதான்.

பேரன் கேட்டதை உடனே கொடுக்காவிட்டால் நிலத்தில் விழுந்து உருளுகிறான் என்று எழுதியிருந்தாய். மூன்றரை வயதுதானே! ஆசையை அடக்கி யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதும் தாண்டிவிடும். அவனைக் குழப்படிக்காரன் என்று இப்போதே முடிவுகட்டாதே.

அமெரிக்காவின் றொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரும் அவருடைய குழுவும் 28 சின்னப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. "பொறு, படம் கீற நல்ல சாமான்கள் கொண்டுவாறன்" என்று எல்லோருக்கும் சொன்னார்கள். பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார்கள். மற்றவர்களிடம் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார்கள். அப்புறம் ஓர் இனிப்பை முன்னால் வைத்து, தின்னாமல் இருந்தால் இரண்டாவதும் கிடைக்கும் என்றார்கள். சொன்னது கிடைத்த பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம்தான். அவர்களுக்குப் பொறுமை இல்லை என்று எப்படிச் சொல்வது? வராது என்று தெரிந்ததற்கு யார் காத்திருப்பார்கள்?

எங்கள் வீடுகளை நினைத்துப் பார். அழுகையை நிற்பாட்ட "நாளைக்கு ஐஸ்கிறீம் வாங்கித்தாறன்" என்போம். அந்த நாளை வருவதே இல்லை. பிள்ளை மறந்துவிடும் என்று நினைக்கிறோம், அது மறப்பதில்லை. தர முடியாவிட்டால் இல்லையென்று சொல்லலாம். அழட்டும், பக்கத்தில் இருந்தால் போதும். நானும் பேத்தியிடம் செய்யக்கூடியதை மட்டும்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. செருப்பை அவனே போடட்டும் என்று மருமகளிடம் சொல். மொன்றியலில் அன்னி பேர்னியே நடத்திய ஆய்வில், தாங்களே செய்து கொடுத்துவிடாமல் தேவையான அளவுக்கு மட்டும் கைகொடுத்த தாய்மாரின் குழந்தைகள்தான், பிறகு யோசித்துச் செய்யும் விளையாட்டுகளில் நன்றாகச் செய்தார்கள். காலையில் அவசரம்தான், தெரியும். பத்து நிமிடம் முந்தி வெளிக்கிட்டால் சரி.

ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசிலை நினைத்து இந்த வயதிலேயே எழுத்துக் கொப்பியைக் கையில் கொடுக்கிறார்கள் இங்கே. எனக்கு அது பொறுக்கவில்லை. ஒளிச்சுப் பிடிச்சு விளையாடும் பிள்ளை மூச்சடக்கி, சத்தம் போடாமல், தன் முறை வரும்வரை நிற்கப் பழகுகிறது. அதைவிட நல்ல பாடம் எது?

நல்லூர்த் திருவிழாவுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வா. கச்சான் வாங்கித் தருவேன் என்று சொல்லிவை, கட்டாயம் வாங்கித் தருவேன்.

அன்புடன்,
கமலா