கேரீத் ஆறு வற்றிய பிறகு

தாராவி, மும்பை
ஞாயிறு இரவு

அன்புள்ள மகனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகளும் பாப்பாவும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். போனிலேயே பேசலாம்தான். ஆனால் நீ "ம்", "சரிப்பா" என்பதோடு நிறுத்திவிடுகிறாய். எனக்கும் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். கை நடுங்குகிறது, பொறுத்துப் படி.

நாசரேத் சித்திக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தாராவியை இடித்துக் கட்டுகிற திட்டத்துக்காக நம் வீட்டுக் கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போனவர்கள் அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதற்குக் காகிதம் இருந்தால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் வீடு என்கிறார்கள். நம் காகிதமெல்லாம் பச்சைப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. மாடியில் இருக்கிறவர்கள்தான் பாவம், தூக்கமில்லாமல் அலைகிறார்கள். அது கிடக்கட்டும்.

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போன புதன்கிழமை காலை 11 மணிக்கு நான் கூப்பிட்டபோது உன் பின்னால் குக்கர் விசில் கேட்டது. வீட்டிலிருந்தே வேலை என்றாய். சரி. இப்போதெல்லாம் அப்பாதான் ஸ்கூலுக்கு வந்து கூட்டிப்போகிறார் என்று பாப்பா சந்தோஷமாகச் சொன்னாள். நல்லதுதான். பிள்ளைக்கு அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும். நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். மாதாமாதம் நீ அனுப்புகிற பணத்தை மட்டும் இனி அனுப்ப வேண்டாம். அம்மா மருந்துக்கும் எங்கள் சாப்பாட்டுக்கும் இருக்கிறது. வேறு காரணம் எதுவும் இல்லை.

நீ இன்ஜினியர் ஆன அன்று லேபர் கேம்ப் வரைக்கும் நடந்துபோய் லட்டு கொடுத்தவன் நான். சபைக்குப் புதிதாக யார் வந்தாலும் இன்றைக்கும் உன்னைப் பற்றித்தான் முதலில் சொல்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளை வாரக்கணக்கில் வீட்டுக்குக் கூப்பிடாமல் இருக்கலாமா? ஈஸ்டருக்கு வருவாய் என்று அம்மா சுட்டு வைத்த முறுக்கு டப்பாவிலேயே சிக்கு வாடை வந்துவிட்டது. குறையாகச் சொல்லவில்லை. அவள் அதைக் கொட்ட மனமில்லாமல் இரண்டு வாரம் வைத்திருந்தாள், அதைத்தான் சொல்கிறேன்.

புதன்கிழமை போனை வைக்கிறதற்கு முன்னால் நீ ஒரு வார்த்தை சொன்னாய். "உங்களுக்கு விசுவாசம் இருந்ததுப்பா. எனக்கு அது இல்லை." அன்று ராத்திரியிலிருந்து எனக்குச் சரியான உறக்கம் இல்லை, ஐயா. அந்த வார்த்தை உன் வாயில் வருவதற்குக் காரணம் நான்.

வருஷா வருஷம் புத்தாண்டு ஆராதனையில் எழுந்து நின்று நான் சொல்லுகிற சாட்சி உனக்கு மனப்பாடம். 1982 ஜனவரி 18 அன்று பம்பாய் மில் ஸ்டிரைக் தொடங்கியது. தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் பின்னால் 2.5 லட்சம் பேர் வேலையை நிறுத்தினோம். ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்தது ஒன்றரை வருஷத்துக்கு மேல் போயிற்று. அது முடிந்துவிட்டது என்று இன்று வரை யாரும் முறைப்படி அறிவித்ததில்லை. பரேல் பக்கம் மில் நின்ற இடங்களில் இப்போது மாலும் மாடிக் கட்டடமும் நிற்கின்றன. "அத்தனை நாளிலும் எங்கள் வீட்டு அடுப்பு ஒரு நாள்கூட அணையவில்லை, காகத்தைக் கொண்டு எலியா தீர்க்கதரிசியைப் போஷித்த தேவன் எங்களையும் போஷித்தார்" என்பேன். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொல்லும்.

அடுப்பு அணையவில்லை என்பது நிஜம். அது ஏன் அணையவில்லை என்பதை நான் சபையில் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறேனா?

ராத்திரி 2 மணிக்கு அம்மா எழுந்துவிடுவாள். ஆட்டுக்கல் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று அடியில் சாக்கை நாலாக மடித்துப் போட்டுக்கொள்வாள். உளுந்துத் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். குழவி பட்டு உள்ளங்கையில் கொப்புளம். விடிவதற்குள் இட்லி அவித்து அலுமினிய அன்னக்கூடையில் அடுக்கி, அந்தச் சாயர்புரத்துப் பையன் தலையில் ஏற்றி சயான் பக்கம் அனுப்புவாள். அப்புறம் ஈரத்துணியை மடியில் விரித்து, அதில் ஒட்டியிருக்கிறதைக் கரண்டிக் காம்பால் சுரண்டி எடுப்பாள். அதுதான் அவளுக்குக் காலைச் சாப்பாடு. பல நாள் மத்தியானச் சாப்பாடும் அதுதான். "அம்மாவுக்கு இட்லியைவிட துணியில் ஒட்டினதுதான் பிடிக்கும்" என்று நீ தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாய். உனக்கு அப்போது 5 வயது.

நான் என்ன செய்தேன்? உறங்குகிறவனைப் போல சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். ஒவ்வொரு ராத்திரியும் விழித்துக்கொண்டுதான் கிடந்தேன். எழுந்து நாலு சுற்று ஆட்டிக் கொடுத்திருக்கலாம். மில்லில் மாஸ்டர் என்று பேரெடுத்தவன், பெண்டாட்டி இட்லி விற்றுச் சாப்பிடுகிறான் என்று ஊர் சொல்லிவிடும் என்று பயம். அந்த வெட்கத்தை மறைக்கத்தான் காகத்தைக் கொண்டுவந்தேன். நான் காகம் என்று சொல்லும்போதெல்லாம் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிற அம்மா தலைமுக்காட்டைச் சரிசெய்துகொள்வாள். ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் நான் ஜெபிக்கவே இல்லை. ஆராதனையில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். ஜெபித்ததும் அவள்தான், ஆட்டுக்கல்லைச் சுற்றிக்கொண்டே. "கர்த்தாவே, எதுவரைக்கும்? எதுவரைக்கும்?" அவ்வளவுதான் அவள் ஜெபம். இவளுக்கு விசுவாசம் குறைந்துபோயிற்று என்று படுத்துக்கிடந்த நான் நினைத்தேன். சங்கீதத்தில் தாவீது கேட்டதையே இவளும் கேட்கிறாள் என்று எனக்கு விளங்க இத்தனை வருஷம் ஆயிற்று.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. நான் சொன்ன சாட்சியைக் கேட்டுவிட்டு, ஒருநாள் நீ காலித் தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தாய். என்னடா என்று கேட்டால், "காக்கா எப்போ வரும்ப்பா?" என்றாய். எல்லோரும் சிரித்தோம். புதன்கிழமை உன் குரலைக் கேட்டபோது எனக்கு அந்தத் தட்டுதான் கண்ணில் நின்றது. விசுவாசித்தால் பணம் தானாக வந்துவிடும், வராவிட்டால் விசுவாசம் போதாது என்று உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். அது தப்பு. அப்பா தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

பைபிளில் எலியாவின் கதை வருகிற முதலாம் ராஜாக்கள் 17-ஐ இந்த வாரம் முழுசாக வாசித்தேன். நான் எப்போதும் காகத்தோடு நிறுத்திவிடுவேன். அடுத்த வசனமே, கேரீத் ஆறு வற்றிப்போயிற்று என்கிறது. எலியா செய்த பாவத்தினால் வற்றவில்லை. மழை இல்லை, வற்றியது. அதன்பின் கர்த்தர் அவனை சாறிபாத் ஊர் விதவையிடம் அனுப்புகிறார். அவளிடம் இருப்பது பானையில் ஒருபிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும். அத்தனை பெரிய தீர்க்கதரிசி அவளிடம் போய்த் தண்ணீர் கேட்கிறான், அப்பம் கேட்கிறான். வாய்விட்டுக் கேட்கிறான், ஐயா.

19-ஆம் அதிகாரத்தில் அதே எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்துகொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். கர்த்தர் அவனைத் திட்டவில்லை. விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. தூங்கவிட்டார். எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிடச் சொன்னார். ஓரேப் மலையில் பேசியதெல்லாம் அப்புறம்தான்.

அந்த மாதிரி நினைப்பு எதுவும் உனக்கு இல்லையே? இருந்தால் நடுராத்திரி என்றாலும் கூப்பிடு. நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன். மருமகளிடம் எதையும் மறைக்காதே. மறைத்து வாழ்ந்தவன் சொல்கிறேன், அவளிடம் மறைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

இதுவரை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அந்தத் துணியில ஒட்டினது நிஜமாவே ருசியாத்தான் இருக்கும்" என்றாள். வரப்போகிற புத்தாண்டில் உள்ளதை உள்ளபடி சபையில் சொல்லிவிடவா என்று கேட்டேன். முதலில் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவோம் என்கிறாள்.

அதனால் அடுத்த மாதம் இரண்டு பேரும் உத்யான் எக்ஸ்பிரஸில் வருகிறோம். கொஞ்ச நாள் இருப்போம். எதையும் கேட்க மாட்டோம். எந்தக் கிழமை வந்தால் ஸ்டேஷனுக்கு வர உனக்குத் தோதுப்படும் என்று மட்டும் சொல், டிக்கெட் எடுக்க வேண்டும். அங்கே இட்லிக் கொப்பரை இருக்கிறதா, இல்லை இங்கிருந்து எடுத்து வரட்டுமா என்று அம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா