"அடையாளம் காணப்பட்டன" என்று எழுதமுதல்

அன்பு மகளுக்கு,

பத்திரிகையில் சாவுச் செய்திகளும் வழக்குச் செய்திகளும் இனி உன்ர மேசைக்குத்தான் வரும் என்று சொன்னாய். அவற்றை எந்தச் சொல்லில் எழுதுவது என்பது ரெலிபோனில் கதைத்து முடிகிற விசயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் வினைச்சொல்லைப் பார். 'கோர', 'பரிதாப' மாதிரியான சொற்களை யாரும் கண்டுபிடித்து வெட்டிவிடுவார்கள். 'துப்பாக்கிச் சூட்டில் சிக்கி உயிரிழந்தார்' என்பதை ஒருவரும் தொடமாட்டார்கள். அந்தச் 'சிக்கி' செய்கிற வேலையைக் கவனி. வெடி மழைபோலத் தானாகப் பெய்தது, செத்தவர்தான் போய் அதற்குள் அகப்பட்டார் என்று ஆகிவிடுகிறது. சுட்டவருக்கு வசனத்தில் இடமே இல்லை.

யாழ்ப்பாணத்தில் இந்த நடை சும்மா வரவில்லை. செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், தன் வீட்டில் வைத்தே கொல்லப்பட்டார். அந்தக் காலத்தில் 'இனந்தெரியாதோர்' என்ற சொல் எழுதுகிறவரின் உயிருக்குக் காவல். அதில் நான் குறை காணமாட்டேன். ஆனால் சுட்டது தாங்கள்தான் என்று பொலிஸாரே அறிக்கை விட்ட பிறகும் 'சூடு நடத்தப்பட்டது' என்று எழுதினால் அது வெறும் பழக்கம். செய்தது யார் என்று தெரிந்தால் எழுவாயாகப் போடு. தெரியாவிட்டால், தெரியவில்லை என்று யார் சொன்னார் என்பதை எழுது.

'கொல்லப்பட்டார்' என்பதற்கு இன்னொருவர் கையால் சாவு வந்தது என்ற உறுதி போதும். 'கொலை செய்யப்பட்டார்' என்றால் நோக்கமும் உள்ளே வந்துவிடும். அதை நீதிமன்றம் சொல்லட்டும். எங்கட நீதிமன்றத் தமிழில் குற்றஞ்சாட்டப்பட்டவர் 'எதிரி'. வழக்கேட்டில் அது சரி. பத்திரிகையில் வாசிக்கிறவருக்கு அது பகைவன் என்றுதான் கேட்கும், ஆகையால் 'குற்றஞ்சாட்டப்பட்டவர்' என்று விரித்தே எழுது. 'பலி' தலைப்பில் ஓடிவந்து குந்துவது இரண்டே எழுத்து என்பதால்தான். 'சாவு' என்பதும் இரண்டெழுத்துத்தான், பிள்ளை.

இப்போது யாழ்ப்பாணத்துச் செம்மணி மனிதப் புதைகுழிக்கு வருகிறேன். 2025இல் செம்மணிப் பக்கத்து அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் அகழ்வு நடந்தபோது, 'இத்தனை எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன, இத்தனை அகழ்ந்தெடுக்கப்பட்டன' என்று செய்திகள் வந்தன. எழுதினவர் நினைத்தது மண்ணுக்குள் கண்ணுக்குத் தென்பட்டதை. ஆனால் 'அடையாளம் காணுதல்' என்றால் இன்னார் என்று அறிதலும்தான். மகனைத் தேடுகிற தாய் அந்த வரியை எப்படி வாசிப்பாள்? பெயர் தெரிந்துவிட்டது, நாளைக்குக் கூப்பிடுவார்கள் என்று இருப்பாள். 'தென்பட்டன', 'வெளிப்பட்டன' என்று எழுது. மரபணுப் பரிசோதனை முடிந்து பெயர் உறுதியாகும் நாளுக்கு 'அடையாளம் காணப்பட்டது' என்பதை வைத்திரு.

அதே குழியில் ஒரு சிறு எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் நீல நிறப் பாடசாலைப் பை இருந்தது. அதை அப்படியே ஒரு வசனத்தில் சொல்லி நிறுத்து. 'பிஞ்சு', 'மொட்டு', 'நெஞ்சை உலுக்கும்' என்று சேர்த்தால் வாசிக்கிறவரின் கண் பையை விட்டுவிட்டு உன்னைப் பார்க்கும்.

எண்ணிக்கையைச் சொன்னவரோடு சேர்த்தே எழுது. 1998இல் மரண தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் ஒருவர், செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டன என்று நீதிமன்றில் சொன்னார். 1999இல் தோண்டி எடுக்கப்பட்டவை 15. முதலாவதை மட்டும் எழுதினால் ஒரு வழக்கறிஞரின் வாதம், இரண்டாவதை மட்டும் எழுதினால் மற்றவரின் வாதம். இரண்டையும் எழுதும்போதும் ஒழுங்கைப் பார்: தமிழில் 'ஆனால்' என்பதற்குப் பிறகு வருவதுதான் மனதில் தங்கும். அதனால் 'ஆனால்' போடாமல் இரண்டு தனி வசனமாக, ஆண்டோடு வை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் செத்தவர்கள் 359 என்று வரை ஏறிய எண்ணிக்கையை, குண்டு வெடித்து நாலு நாள் கழித்து சுமார் 253 ஆக அரசே குறைத்தது. சிதறிய உடல்களை எண்ணியதில் வந்த பிழை. முதல் நாளே 'பொலிஸாரின் தகவல்படி, இன்று மாலை வரை' என்று போட்டிருந்தால் மறுநாள் திருத்துவது இலகு.

'காணாமல் போனோர்' என்றா, 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றா எழுதுவது என்று கேட்டிருந்தாய். இவர்களைத் தேடவென்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அரச அலுவலகத்தின் பெயரில் இருப்பது 'காணாமல் போன'. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் பிள்ளைகளைத் தேடிப் போராட்டத்தில் குந்திய தாய்மாரின் சொல் 'ஆக்கப்பட்டோர்'. அலுவலகத்தின் பெயரையும் திருத்தாதே, தாயின் சொல்லையும் திருத்தாதே. உன் சொந்த வசனத்தில் இரண்டையும் விட உறுதியான வழி ஒன்று இருக்கிறது: 'இராணுவத்திடம் கையளித்த மகனைத் தேடும் தாய்' என்று அவர் சொன்ன செயலையே எழுது.

கடைசியாக ஒன்று. 'தவறான முடிவெடுத்து உயிர்மாய்ப்பு' என்று எங்கட ஊர்ச் செய்திகளில் அடிக்கடி வருகிறது. எழுதுகிறவர் மரியாதைக்காகத்தான் எழுதுகிறார். இருந்தாலும் அது செத்தவர் மீது ஒரு தீர்ப்பு. வீட்டில் இருக்கிறவர்கள் அதை ஆயுள் முழுக்கச் சுமக்கவேண்டும். 'உயிரை மாய்த்துக்கொண்டார்' போதும், அதுவும் தலைப்பில் வேண்டாம். எப்படி, எதனால், எந்த இடத்தில் என்பதை வெட்டு. 'காதல் தோல்வியால்', 'பரீட்சைப் பெறுபேற்றால்' என்று ஒற்றைக் காரணம் எழுதினால், அதே நிலையில் இருக்கிற இன்னொரு பிள்ளைக்கு அது வழி காட்டியதாகப் போய்விடும். கீழே 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தைப் போடு. அச்சுக்குப் போகமுதல் இலக்கம் சரியா என்று ஒருக்கால் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா