புதுப் பேரிங்கும் ஏன் இரைகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மரக் கடைசல் லேத்தில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கை மாற்றிய சில நாளிலேயே பழைய இரைச்சல் திரும்பினால், 'டூப்ளிகேட் சரக்கு' என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். போலி இல்லாமல் இல்லை. ஆனால் பல நேரம் பேரிங்கைக் கெடுப்பது மாட்டியவர் கைச் சுத்தியல்தான்.

முதலில், கெட்டது பேரிங்தானா என்று பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டில் எனும் அந்தச் சுழல் தண்டைக் கையால் சுற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல் நறநறத்தாலோ, மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிந்தாலோ பேரிங் போய்விட்டது. வழுக்கிக்கொண்டு சுற்றினால் மோட்டாரையும் பெல்ட்டையும் சோதியுங்கள்.

பெல்ட் ஓடும் புல்லியைத் தண்டோடு இறுக்கும் தலையில்லாத கிரப் ஸ்க்ரூவைக் கழற்றியும் புல்லி நகரவில்லையா? அதே துளைக்குள் அடியில் இன்னொரு ஸ்க்ரூ இருக்கலாம். டார்ச் அடித்துப் பார்க்காமல் தட்டாதீர்கள். ஸ்பிண்டில் எந்தப் பக்கம் வெளியேறும் என்பதை அதன் தடித்த தோள் சொல்லிவிடும். சிறு லேத்துகளில் பெரும்பாலும் டெயில்ஸ்டாக் (கட்டையின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) பக்கம். முனையில் கெட்டியான மரக்கட்டை வைத்தே தட்ட வேண்டும், மரை நசுங்கக் கூடாது.

பழைய பேரிங்கின் எண்ணைப் பார்த்தே புதிது வாங்குங்கள். 6205 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்க உள்துளை 25 மி.மீ.; வெளிவிட்டம் 52, அகலம் 15. மரத்தூளுக்கு இசட்இசட் தகட்டு மூடியைவிட 2ஆர்எஸ் ரப்பர் மூடியே காவல். அதில் கிரீஸ் அடைத்தே வருகிறது. மூடியை நெம்பி மண்ணெண்ணெயில் அலசுவது வீண் வேலை.

மாட்டும் இடம்தான் முக்கியம். ஸ்பிண்டிலில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் படும் குழாயை வைத்து அழுத்துங்கள். ஸ்பிண்டில் உட்காரும் ஹெட்ஸ்டாக்கின் குழியில் இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டும். இரண்டும் ஒருசேர இறுக்கம் என்றால் இரு வளையங்களையும் தொடும் தட்டு வேண்டும். வளையம் மாற்றி அடித்தால் அடி முழுவதும் குண்டுகள் வழியே பாய்ந்து, அவை ஓடும் பாதையில் குழி விழும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழி காதுக்குத் தெரியும். அரக்கு ஏற்றிய மரச் செப்புச் சாமானின் மேல் நெளிநெளியாக வரி போடும். ஸ்பிண்டிலை ஃபிரீசரில் சில மணி நேரம் வைத்து, ஈரம் துடைத்து ஏற்றினால் பாதிப் பலம் போதும். கேஸ் தீயில் பேரிங்கைக் காட்டினால் ரப்பரும் கிரீஸும் கருகிவிடும்.

ஸ்பிண்டில் வெளியே இருக்கும்போதே புது பெல்ட்டையும் கோத்துவிடுங்கள். பிறகு நினைத்தால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும். முடித்ததும் 20 நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பின் நட்டு அதிக இறுக்கம், சற்றுத் தளர்த்துங்கள்.

கட்டையை லேத்தில் வைத்தே, அதைக் கவ்விச் சுழற்றும் பல்முனையான ஸ்பர் சென்டரில் சுத்தியலால் அடித்து இறக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். அந்த அடியும் பேரிங்கில்தான் விழுகிறது. சென்டரைக் கழற்றி, கட்டையை மேசை மேல் வைத்து அதில் அடித்து இறக்குங்கள்.

இப்படிக்கு,
மரக் கடைசல் தொழிலாளர்கள்,
அம்பாசமுத்திரம்.